உம்மகும்மாவின் இரண்டாவது தட்டும் பாண்டிச்சேரி மேடைகளும்

"அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு மச்சான்!"

பாண்டிச்சேரியில் ஓர் இசைக்குழு மேடையை விட்டு இறங்கும்போது அதற்குக் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு இதுதான். கல்லூரி கல்ச்சுரல்ஸ் ஆகட்டும், ஒயிட் டவுனில் சனிக்கிழமை ராத்திரி ஒரு ரெஸ்டாரன்ட்டின் மொட்டைமாடி ஆகட்டும், எல்லா இடத்திலும் இதே தராசுதான். கிட்டார்க்காரர் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' சோலோவை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தால் விசில் பறக்கிறது. அதே ஆள் ஓர் இடத்தில் வேண்டுமென்றே வேறு பாதையில் போனால், முன்வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "தப்பா வாசிக்கிறான்டா."

தப்பாம்! யாருடைய சோலோவுக்கு யார் வாத்தியார்?

இந்த உதட்டைப் பிதுக்கலுக்கு எதிராக நிறுத்த ஒரு சாட்சி இருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்ட சாட்சி. பிங்க் ஃப்ளாய்ட் 1969-ன் இறுதியில் வெளியிட்ட 'உம்மகும்மா' என்கிற இரட்டை இசைத்தட்டு. பாண்டிச்சேரி ராக் ரசிகர்களில் பாதிப் பேர் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' படம் போட்ட டீ-ஷர்ட் வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் உம்மகும்மாவை முழுசாகக் கேட்டிருப்பார்கள்? கேட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒரே தீர்ப்பைத்தான் ஒப்பிக்கிறார்கள்: "முதல் தட்டு சூப்பர், ரெண்டாவது தட்டு குப்பை."

இந்தத் தீர்ப்பும் அந்த உதட்டைப் பிதுக்கலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். பாட்டு என்பது செய்து முடித்து, பாலிஷ் போட்டு, டப்பாவில் அடைத்து வைத்த சரக்கு என்கிற நினைப்புதான் அந்த நோய்.

முதலில் கதை

1968-ல் சிட் பாரெட் குழுவை விட்டுப் போனார். பிங்க் ஃப்ளாய்டின் பாடலாசிரியர், பாடகர், கிட்டார், முகம் எல்லாமே அதுவரை அவர்தான். அவர் போன பிறகு மிச்சமிருந்தவர்கள் நான்கு பேர். ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன், புதிதாகச் சேர்ந்த டேவிட் கில்மோர். இனி என்ன செய்வது என்று நால்வருக்கும் தெளிவில்லாத காலம் அது. அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் உம்மகும்மா.

முதல் தட்டு மேடையில் பதிவானது. 1969 ஏப்ரல் 27-ல் பர்மிங்ஹாமில் 'மதர்ஸ்' என்கிற கிளப், மே 2-ல் மான்செஸ்டரில் ஒரு கல்லூரி. மொத்தம் நான்கே பாடல்கள்: 'அஸ்ட்ரானமி டாமினி', 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்', 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்', 'எ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'.

இரண்டாவது தட்டு ஸ்டூடியோவில் செய்தது. அதில் குழு என்பதே கிடையாது. நால்வரும் ஆளுக்குப் பாதிப் பக்கம் பங்கு பிரித்துக்கொண்டு, தனித்தனியாக, மனசுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். இந்த யோசனை ரைட்டுடையது. அவர் நான்கு பகுதிகளாக 'சிசிஃபஸ்' செய்தார். வாட்டர்ஸ் இரண்டு பாடல்கள், கில்மோர் மூன்று பகுதிகளில் 'த நேரோ வே', மேசன் மூன்று பகுதிகளில் 'த கிராண்ட் விஸியர்ஸ் கார்டன் பார்ட்டி'. மேசனின் பங்கில் தொடக்கத்திலும் முடிவிலும் புல்லாங்குழல் வாசித்தது அவருடைய மனைவி லிண்டி.

ஆல்பம் பிரிட்டனில் 5-ஆம் இடம் வரை போனது. ஆனால் பிற்காலத்தில் குழுவினரே இதைத் தள்ளிவைத்தார்கள். வாட்டர்ஸும் சரி, கில்மோரும் சரி, பேட்டிகளில் இதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது அரிது. "பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க" என்று ரசிகர்களுக்கும் வசதியாகப் போய்விட்டது.

ரெக்கார்டு மாதிரி வாசிக்காதவர்கள்

சரி, எல்லோரும் கொண்டாடுகிற முதல் தட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஏன் நன்றாக இருக்கிறது?

'அஸ்ட்ரானமி டாமினி' 1967-ல் முதல் ஆல்பத்தில் வந்தபோது நான்கு நிமிடம் சொச்சம். உம்மகும்மா மேடையில் எட்டு நிமிடத்துக்கு மேல். 'செட் த கன்ட்ரோல்ஸ்' 1968-ல் ஐந்தரை நிமிடம், மேடையில் ஒன்பது நிமிடத்துக்கு மேல். 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ்' 1968-ல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் ஆறு நிமிடத்துக்குள் அடங்கிய அடக்கமான பாட்டு. மேடையில் அது ஒன்பது நிமிடத்தை நெருங்குகிறது. மெதுவாக ஊர்ந்து, கிசுகிசுத்து, திடீரென்று வாட்டர்ஸ் போடுகிற அலறலில் கேட்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது. அந்த அலறலின் பயங்கரம் சிங்கிளில் இல்லை.

போதாததற்கு, 'அஸ்ட்ரானமி டாமினி' பாரெட் எழுதிய பாட்டு. அவர் குழுவிலேயே இல்லாதபோது மற்றவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு பாட்டாக ஆக்கிவிட்டார்கள்.

இப்போது அந்த உதட்டைப் பிதுக்குகிற அண்ணனை 1969 மே மாதம் மான்செஸ்டருக்கு அனுப்பிவைத்தால் என்ன சொல்லியிருப்பார்? "தப்பா வாசிக்கிறாங்க. ரெக்கார்டுல நாலு நிமிஷம்தானே?" பாண்டிச்சேரி சட்டப்படி, உலகத்தில் மிகவும் கொண்டாடப்படுகிற மேடைப் பதிவுகளில் ஒன்று முழுக்க முழுக்கத் தப்பு!

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

இது ராக் ரசிகர்களின் சட்டம் கிடையாது. நம்ம ஊர் ஆர்க்கெஸ்ட்ராவின் சட்டம். கோயில் திருவிழாவில், கல்யாணத்தில், சினிமாப் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, டேப்பில் கேட்டது மேடையில் அச்சு அசலாக வந்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. சினிமாப் பாட்டில் இடையில் வருகிற வயலின் முதற்கொண்டு ஒவ்வொன்றும் எழுதி வைத்து வாசித்தது. அந்தப் பாட்டை எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆர்க்கெஸ்ட்ராவின் வேலை. தபால்காரர் கடிதத்தைத் திருத்தி எழுதக் கூடாது என்பது சரிதானே.

ஆனால் ராக் குழு தபால்காரர் இல்லையே! அங்கே ஆர்க்கெஸ்ட்ராவின் அளவுகோலைக் கொண்டுபோய் வைத்தது யார்?

தமிழ்க் காது பிறவியிலேயே அப்படிப்பட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898-1956) நினைத்துப் பாருங்கள். தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. கோயில் வீதியில் நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஊதினவர். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பதிய முடியும். அந்தச் சொற்ப நேரத்துக்குள் சுருக்கிய தோடி தமிழ்நாடெங்கும் போனது. திருவிழாவில் அவர் சீவாளியை உதட்டில் வைத்தபோது எவராவது எழுந்து, "பிள்ளைவாள், தட்டுல இருக்கிற மாதிரி வரலையே?" என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் நாயனத்தைக் கேட்டவர் கையில் கொடுத்து, "நீயே ஊது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

ஜனங்களுக்கு அப்போது தெரிந்திருந்தது. தட்டில் இருப்பது அந்த ராகத்தின் ஒரு நாள். இன்றைக்கு வேறு நாள். வில்லியனூர்த் தேருக்கு நாயனம் கேட்கிற காதும் மொட்டைமாடியில் ராக் கேட்கிற காதும் ஒரே தலையில்தான் ஒட்டியிருக்கின்றன. ஒரே காதுக்கு எதற்கு இரண்டு சட்டம்?

"நேரடி" என்பதும் ஒரு லேபிள்தான்

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். "மேடைதான் நிஜம், ஸ்டூடியோ எல்லாம் வித்தை" என்பது இவர்கள் கட்சி. முதல் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கி எறிய இவர்கள் சொல்கிற காரணமும் இதுதான்.

இவர்களுக்கு ஒரு தகவல். உம்மகும்மாவின் உறையில் மேடைப் பதிவு 1969 ஜூனில் நடந்ததாக அச்சிட்டிருக்கிறது. நடந்ததோ ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும். நிஜத்துக்கே தேதி தப்பு! அதுவும் ஒரே ராத்திரி இல்லை, இரண்டு ஊர்களில் நடந்த கச்சேரிகளிலிருந்து எடுத்தது.

இது பிங்க் ஃப்ளாய்டின் கோளாறு மட்டும் இல்லை. 1968-ல் கிரீம் குழு இதே பாணியில், ஒரு தட்டு ஸ்டூடியோ, ஒரு தட்டு மேடை என்று 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' வெளியிட்டது. மேடைத் தட்டுக்குப் பெயர் 'லைவ் அட் த ஃபில்மோர்'. அதில் இருக்கிற நான்கு பாடல்களில் மூன்று ஃபில்மோர் அரங்கில் வாசித்ததே இல்லை, அதே சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் பதிவானவை.

அதே 1968-ல் கிரேட்ஃபுல் டெட் குழு இன்னும் ஒரு படி மேலே போய் வேலியையே பிடுங்கி எறிந்தது. 'ஆன்தம் ஆஃப் த சன்' ஆல்பத்தில் மேடைத் தட்டு, ஸ்டூடியோத் தட்டு என்கிற பிரிவே கிடையாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ராத்திரிகளில் வாசித்த ஒரே பாட்டின் பல பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஸ்டூடியோவில் வாசித்ததைச் செருகி, ஒட்டு எங்கே என்று தெரியாமல் நெய்துவிட்டார்கள். தயாரிப்பாளர் டேவிட் ஹாசிங்கர் பாதியிலேயே கழன்றுகொண்டார். குழுவில் ஒருவரான பாப் வியர் "கனமான காற்றின் சத்தம்" வேண்டும் என்று கேட்டதுதான் அவருடைய பொறுமைக்குக் கடைசிச் சோதனை என்று சொல்வார்கள். பிறகு ஜெர்ரி கார்சியாவும் ஃபில் லெஷும் ஒலிப்பொறியாளர் டான் ஹீலியோடு உட்கார்ந்து முடித்தார்கள்.

அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு, இதில் எது நிஜம் எது வித்தை என்று எவராலாவது கோடு போட முடிந்தால் சொல்லட்டும். மைக் வைத்த நிமிடமே ஒருத்தர் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடுகிறார். எந்த ராத்திரி, எந்தப் பாட்டு, எங்கே வெட்டுவது என்று. மேடைத் தட்டும் செய்த பொருள்தான். அதனால் மேடைக்கு ஒரு கும்பிடு, ஸ்டூடியோவுக்கு ஓர் உதை என்பது செல்லாது.

இரண்டாவது தட்டின் மேல் குற்றப்பத்திரிகை

இனி அந்தக் "குப்பை"க்கு வருவோம். இதைத் தலைசிறந்த படைப்பு என்று வாதாட இங்கே யாரும் வரவில்லை. மேசனின் தோட்ட விருந்து நடுவில் ரொம்பவே இழுக்கிறது. கில்மோர் தன் பாட்டுக்கு வரிகள் எழுத வராமல் வாட்டர்ஸிடம் உதவி கேட்டார், வாட்டர்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தடுமாற்றம் பாட்டில் தெரிகிறது. நால்வரும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்த ஒரு தனிமை தட்டு முழுக்க இருக்கிறது. எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கேளுங்கள். வாட்டர்ஸின் 'கிரான்ட்செஸ்டர் மெடோஸ்' தன் ஊரான கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு புல்வெளியைப் பற்றிய பாட்டு. ஒற்றைக் கிட்டார், பின்னால் ஓயாமல் ஒரு பறவை. கடைசியில் ஓர் ஈ காதைச் சுற்றி ரீங்கரிக்கிறது, காலடிச் சத்தம் ஓடிவருகிறது, பட்டென்று ஓர் அடி, ஈ காலி. சிரிப்பு வருகிறது. அதே சமயம், பாட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது ஓர் அறையாகவும் ஒரு மதிய நேரமாகவும் மாறிவிடுகிறது.

உடனே அடுத்த பாட்டு. அணில், எலி மாதிரி ஏதேதோ பிராணிகள் ஒரு குகையில் கும்மாளம் போடுகிற சத்தம். அத்தனையும் மனிதக் குரல்தான். குரலையும் கை தட்டலையும் நாடாவில் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்தது. சின்தசைசர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கத்தரிக்கோலும் ஒட்டும் நாடாவும்தான்.

இந்த வித்தைக்கு வேர் பாண்டிச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த தேசத்தில் இருக்கிறது. 1948-ல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிந்து, கோத்து இசையாக்கினார். அந்தச் சிந்தனை இருபது வருஷத்தில் ராக் குழுக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. 1960-களின் சைக்கடெலிக் ராக் என்றால் போதை, கலர் கலர் விளக்கு என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டின் சட்டத்தை உடைத்து, எந்தச் சத்தமும் இசையாகலாம் என்று கதவைத் திறந்ததுதான் அதன் உருப்படியான வேலை.

இன்னொரு விஷயம். இந்தத் தனி முயற்சிகள் மேடைக்குச் சம்பந்தமே இல்லாதவை என்கிற வாதமும் தப்பு. 1969-ல் பிங்க் ஃப்ளாய்ட் 'த மேன்', 'த ஜர்னி' என்று இரண்டு நீண்ட தொகுப்புகளை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது. மேடையிலேயே மரத்தை அறுத்து, ஆணி அடித்து, நடுவில் டீ குடித்து நடத்திய கூத்து அது! அதில் 'கிரான்ட்செஸ்டர் மெடோஸ்' இருந்தது, 'நேரோ வே' இருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் வாசித்த பதிவு 2016-ல் வெளிவந்த பெரிய தொகுப்பில் அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. கேட்டால் தெரியும், இரண்டு தட்டுக்கும் நடுவில் சுவரே இல்லை.

குப்பையில் முளைத்தது

தேறாத முயற்சியால் என்ன லாபம் என்று கணக்குக் கேட்பவர்களுக்குக் கணக்கையே காட்டலாம்.

1970-ல் 'ஆட்டம் ஹார்ட் மதர்'. அதில் ஒருவர் காலை உணவு சமைக்கிற சத்தத்தையே பாட்டாக்கினார்கள். 1971-ல் 'எக்கோஸ்', ஒரு முழுப் பக்கத்தை நிறைக்கிற பாட்டு. ஊளையும் இரைச்சலும் பாட்டின் நடுவே வந்து, அதிலிருந்து ராகம் மறுபடி எழுகிறது. 1973-ல் 'டார்க் சைட் ஆஃப் த மூன்'. அதில் 'மணி' பாட்டின் தொடக்கத்தில் காசும் கல்லாப்பெட்டியும் தாளம் போடுகின்றனவே, அது நாடாவை வெட்டி ஒட்டிச் சுழல விட்ட வேலைதான். 1969-ல் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து கிறுக்குத்தனம் செய்யாதவர்களுக்கு 1973-ல் அந்தக் கை வந்திருக்குமா?

அதைவிட முக்கியமான செய்தி: 'டார்க் சைட்' பாடல்களை 1972 ஜனவரி முதலே மேடையில் வாசித்து வந்தார்கள். தட்டு வெளிவந்தது ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து. அதாவது பாட்டு மேடையில் தப்பித் தவறி வளர்ந்து, பிறகு ஸ்டூடியோவுக்குப் போனது. டீ-ஷர்ட்டில் தொங்குகிற அந்த முக்கோணத்துக்குப் பின்னால் ஒரு வருஷத்துத் "தப்பா வாசிக்கிறாங்க" இருக்கிறது.

"அவங்களே நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்கிற வாதத்துக்குப் பதில் சொல்ல லண்டன் வரை போக வேண்டாம். பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். யாப்பைத் தண்ணி பட்ட பாடாகக் கையாண்ட மனுஷன், யாப்பே இல்லாத வசன கவிதையும் எழுதிப் பார்த்தார். அவர் காலத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் யார்? அவருடைய பேரும் புகழும் வேறு பாட்டுகளால் வந்தன. 1930-களில் ந. பிச்சமூர்த்தி புதிய முறையில் கவிதை எழுதக் கிளம்பியபோது முன்னோடியாக நின்றது அந்த வசன கவிதைதான். இன்றைக்குத் தமிழில் புதுக்கவிதை எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த விளிம்பு வேலைக்குக் கடன்பட்டவர்கள். ஒரு முயற்சியின் மதிப்பு அதைச் செய்தவரின் மனநிலையோடு முடிந்துவிடுவதில்லை. செய்தவர் மறந்துவிட்டதை வேறொருவர் எடுத்துக்கொண்டு போகிறார். அதற்கு அது எங்காவது பதிவாகி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாண்டிச்சேரிக்கு இதில் என்ன வேலை?

நிறையவே இருக்கிறது. பாண்டிச்சேரி ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21-ஐ இசைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற ஊர். 1982-ல் பிரான்சில் கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் காலத்தில் தொடங்கி உலகமெங்கும் பரவிய 'ஃபெத் த லா மூசிக்' அது. காலேஜில் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு அந்தப் பெயரில் இருக்கிற சிலேடை தெரியும். எழுத்தை மாற்றினால் உச்சரிப்பு மாறாமலேயே "இசை செய்யுங்கள்" என்று பொருள் வரும். தேர்ந்த வித்வான்கள் மட்டும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் தெருவுக்கு வந்து வாசிக்கட்டும் என்பதே நோக்கம். செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள், ஜெராக்ஸ் எடுங்கள் என்று சொல்லவில்லை.

சோதனை இசை இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. ஆசிரமத்தில் அன்னை ஆர்கன் வாசித்தார். பிறகு அங்கே சுனில் பட்டாச்சார்யா பல ஆண்டுகள் புத்தாண்டு இசை அமைத்தார், மின்னணு வாத்தியங்களைக் கொண்டும் செய்தார். சந்தடி இல்லாமல், வீதிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாமலேயே நடந்தது அது. பிடிக்கிறதோ இல்லையோ, யாரையும் காப்பியடித்த இசை என்று அதைச் சொல்ல முடியாது.

அப்படியிருக்க, இன்றைக்கு இங்கே கிட்டார் தூக்குகிற பையன்களும் பெண்களும் ஏன் குண்டுச் சட்டிக்குள்ளேயே குதிரை ஓட்டுகிறார்கள்?

வழக்கமாக இரண்டு பதில்கள் வரும்.

முதல் பதில், காசு. "ரெஸ்டாரன்ட் ஓனர் தெரிஞ்ச பாட்டுதான் கேக்குறார். வாசிக்கலன்னா அடுத்த வாரம் வேற ஆளைக் கூப்பிடுவார்." நியாயம். வயிற்றுப் பிழைப்பைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் உம்மகும்மாவின் ஏற்பாடே இந்தச் சிக்கலுக்கான விடைதானே? ஒரு தட்டு ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு, ஒரு தட்டு யாருக்குமே தெரியாத பாட்டு. இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் சொந்தச் சரக்குக்கு ஒதுக்கினால் எந்த ஓனரும் மைக்கைப் பிடுங்கப்போவதில்லை. தெரிந்த பாட்டையும் நாலு நிமிடத்திலிருந்து எட்டு நிமிடத்துக்கு இழுத்துப் பார்த்தால் எவர் வீட்டுச் சொத்தும் போய்விடாது.

இரண்டாவது பதில், வசதி. "எங்ககிட்ட ஸ்டூடியோ இல்ல." இது 1969-ல் செல்லுபடியாகும். அன்றைக்கு நாடாவை வெட்டி ஒட்ட ஒரு பெரிய இசைக் கம்பெனியின் ஸ்டூடியோ வேண்டியிருந்தது. இன்றைக்கு வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, திருப்பிப் போடுவது, அடுக்குவது எல்லாவற்றையும் இலவச மென்பொருள் செய்கிறது. ஆடாசிட்டியை இறக்கிக்கொள்ள யாரிடமும் சிபாரிசு வாங்க வேண்டாம். வாட்டர்ஸ் செய்த குகைப் பிராணிகளை ஹாஸ்டல் ரூமில், ஒரு போனும் பழைய லேப்டாப்பும் வைத்து ஒரே ராத்திரியில் செய்துவிடலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

சத்தங்களுக்கும் பஞ்சமில்லை. மாலையில் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திய பிறகு, பாறைகளில் அலை மோதுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரே நேரத்தில் எத்தனை மேளம்! பேராலயத்து மணி, குபேர் மார்க்கெட் மீன் பகுதியின் கூச்சல், விழுப்புரம் ரயில். கேம்பிரிட்ஜ்காரர் தன் ஊர்ப் புல்வெளியைப் பாட்டாக்கினார். பாண்டிச்சேரிக்காரர் கலிஃபோர்னியாவில் இருக்கிற, தான் பார்த்தே இராத ஓட்டலைப் பற்றியே வாரா வாரம் பாடிக்கொண்டிருக்கிறார்.

சத்தங்கள் காத்திருப்பதும் இல்லை. மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி கால் கொலுசோடு நடக்கும் சத்தத்தை இந்த ஊரில் கேட்காதவர் குறைவு. 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைப்பயிற்சியில் அவள் சரிந்து விழுந்தாள். ஊரே அழுதது. அவளோடு நின்று எடுத்த போட்டோ ஆளுக்கு நூறு இருக்கும். அந்தக் கொலுசுச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்து வைத்தவர் எத்தனை பேர்?

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

வாசிக்கிறவர்களை மட்டும் திட்டுவது அநியாயம். மேடையில் ஒருத்தர் துணிந்து மாற்றி வாசிக்கும்போது உதட்டைப் பிதுக்குகிறவர்தான் அந்தத் துணிச்சலுக்கு முதல் எதிரி. பதினெட்டு வயதுப் பையன் ஒருத்தன் தன் சொந்தப் பாட்டைக் கல்ச்சுரல்ஸில் வாசித்து, அது பாதியில் தடுமாறி, கீழே இருந்து ஊளை எழுந்தால் அவன் அடுத்த வருஷம் என்ன செய்வான்? பத்திரமாக ஈகிள்ஸிடம் போவான். அதற்கடுத்த வருஷம் வேலை, பெங்களூர் பஸ், கிட்டார் பரண் மேல். அவன் பத்தாவது பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் முதல் பாட்டிலேயே கதவைச் சாத்தியாயிற்று. பிங்க் ஃப்ளாய்டுக்கு உம்மகும்மாவின் இரண்டாவது தட்டை வெளியிட ஒரு கம்பெனியும், அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த தட்டையும் வாங்குகிற ரசிகர்களும் இருந்தார்கள். இங்கே அந்த இரண்டாவது தரப்பாவது உருவாகலாம். அதற்குக் காசு செலவில்லை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. அடுத்த ஜூன் 21-க்கு ஒவ்வொரு குழுவும் முடிவடையாத சொந்தப் பாட்டு ஒன்றையாவது மேடையேற்றட்டும். அதை வீட்டில் ஒருமுறை, தெருவில் ஒருமுறை போனில் பதியட்டும். நன்றாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நண்பர்களுக்கு அனுப்பட்டும். அன்றைக்குக் கீழே நிற்கிறவர்கள், பாட்டு எங்கே போகிறது என்று தெரியாவிட்டாலும் கடைசி வரை நிற்கட்டும். பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும், "இந்த இடம் எடுபடல" என்று. அது விமர்சனம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

"ரெக்கார்டு மாதிரி இல்ல" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பாட்டுக்கு இன்னும் ரெக்கார்டே கிடையாது, ஐயா.